கிடப்பில் கிடந்த பழைய ஜீப்பை வீட்டிலேயே எழுப்புவது எப்படி?

பல வருடமாக ஷெட்டிலோ மரத்தடியிலோ கிடந்த ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி கைக்கு வந்ததும், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆகுமா? நமக்கும் கை துறுதுறுக்கும். ஒரு பேட்டரியைக் கட்டி, ஒரு லிட்டர் பெட்ரோலை ஊற்றி, ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் நின்ற இடத்தில் ரிங்கும் சுவரும் துருவால் ஒட்டிப்போயிருக்கலாம். பேரிங்குகளில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்திருக்கும். டேங்கின் அடியில் துருவும் பிசினும் படிந்திருக்கும். நான் முதன்முதலில் எழுப்பிய வண்டியில் இதையெல்லாம் யோசிக்கவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகத்தான் செய்தது. நாற்பது விநாடி ஓடியிருக்கும். அப்புறம் ஹெட்டைக் கழற்றியபோது இரண்டாவது சிலிண்டரில் ரிங் துண்டாகி, சுவரில் நகம் சிக்கும் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. பதினைந்து வருடம் சும்மா கிடந்து கெடாத சிலிண்டர் அந்த நாற்பது விநாடியில் கெட்டது. அதிலிருந்து எந்த வண்டிக்கும் ஒரே வரிசைதான் வைத்திருக்கிறேன்: முதலில் பார்ப்பது, அடுத்து நிற்க வைப்பது, அப்புறம்தான் ஓட வைப்பது, பெயின்ட் பற்றிய பேச்சு கடைசியில்.

1941-இல் வந்த வில்லிஸ் எம்பி, 1948-இல் வந்த லேண்ட் ரோவர், 1960-இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 40 வரிசை, அவற்றின் வழிவந்த வண்டிகள் ஆகியவற்றை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏணி போன்ற சேசிஸ், பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் திடமான ஆக்ஸில், தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் என இவற்றின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அளவுகளும் டார்க் எண்களும் (நட்டு, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு) மாடலுக்கு மாடல் மாறும். அதனால் ஒரு ஸ்பேனர்கூட வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய வொர்க்‌ஷாப் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள்.

கழுவாதீர்கள், முதலில் பாருங்கள்

அழுக்கு நிறையச் சொல்லும். எஞ்சின் பக்கவாட்டில் ஈரமான கறுப்புத் தடம் இருந்தால் ஆயில் எங்கிருந்து ஒழுகியது என்று தெரியும். சக்கரத்தின் உட்புறம் ஒழுகல் கறை இருந்தால் வீல் சிலிண்டரோ ஆக்ஸில் சீலோ போயிருக்கும். பிரஷர் வாஷ் அடித்துவிட்டால் இந்தத் தடயமெல்லாம் போய்விடும், போதாக்குறைக்கு பேரிங்கிலும் வயரிங்கிலும் தண்ணீர் ஏறும். முதல் நாள் முழுவதும் ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் மட்டும் போதும். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். குறிப்பாக வயரிங், கார்புரேட்டர் லிங்க், பிரேக் குழாய் போகும் பாதை. ஆறு மாதம் கழித்து எதையாவது திரும்ப மாட்டும்போது இந்தப் போட்டோக்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்து சேசிஸ். ஒரு சின்ன சுத்தியல் எடுத்து, முன்னிருந்து பின்வரை நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். உள்ளே துருத்தின்ற இடம் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்கும். சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் கைகள், கால் வைக்கும் தளம் ஆகிய நான்கிலும்தான் சேறு தேங்கும், அங்கேதான் முதலில் போகும். லேண்ட் ரோவரில் பாடி அலுமினியக் கலவை என்பதால் வெளியே பளிச்சென்று இருக்கும், அதை நம்பி அடியில் இருக்கும் எஃகு சேசிஸைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஓட்டை இருந்தால் மற்ற வேலை எதையும் தொடங்காதீர்கள். அது அனுபவமுள்ள வெல்டரின் வேலை. அங்கே தகடு ஒட்டிப் பெயின்ட் அடிப்பது உயிரோடு விளையாடுவது.

தூக்குவதற்கு முன்

இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அங்கிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு டிரம்மில் இருக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிவிட்டால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழல, தரையில் இருக்கும் சக்கரமும் உருளும். ஹேண்ட் பிரேக் முழுதாகப் போட்டிருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, அப்புறம் தூக்குங்கள். தூக்கியதும் சேசிஸிலோ ஆக்ஸிலிலோ ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, செங்கல்லையும் வைக்கக் கூடாது.

பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி கொண்டவை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி, ஸ்டட்டை முறிப்பவர்கள் ஏராளம். ஸ்டட் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். ராணுவ வகை வண்டிகள் சிலவற்றில் ரிம் இரண்டு துண்டாக இருக்கும், போல்ட்டுகள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த உள் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் குண்டுபோல வெடித்துப் பிரியும். எந்தச் சக்கரமானாலும் முதலில் வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின் தொடுங்கள். பூட்டு வளையம் போட்ட ரிம் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கூண்டு வைத்திருக்கும் டயர்க் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எஞ்சினை ஊறப் போட்டுவிட்டு பிரேக்குக்கு வாருங்கள்

இந்த இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் நேரம் மிச்சம். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். அதற்கு முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் நேராக சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. சட்டெனத் தீப்பற்றும் சரக்கு என்பதால் திறந்த வெளியில் கலக்குங்கள். பிளக்கை லேசாகத் திரும்ப மாட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள்.

அது ஊறும் நாட்களில் பிரேக். டிரம் பிடித்துக்கொண்டிருக்கும். பின்தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் இறங்கும். சில டிரம்களில் இரண்டு மரை ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அதில் போல்ட்டைச் சமமாக முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே பிரேக் சர்க்யூட்தான். நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு ஒழுகல் வந்தாலும் நான்கும் போய்விடும். வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. மூன்றோ நான்கோ, இருப்பதையெல்லாம் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் துரு இருந்தால் காப்பர் நிக்கல் கலவைக் குழாய் போடலாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்கு புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதுவே 140 வரை இறங்கலாம். திறந்து வைத்த பழைய டப்பாவை எடுக்காதீர்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றதோடு கலக்கவே கூடாது. பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். முடித்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கல்போல நின்றால் சரி. மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே சொட்டு விழாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது என்று அர்த்தம்.

எஞ்சினை முதல்முறை சுற்றுவது

நான்கைந்து நாள் ஊறிய பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட கைப்பிடி கொண்ட சாக்கெட்டைப் போட்டு, ஓடும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். நகரவில்லையா, எதிர்த் திசையில் லேசாக. மறுபடி இந்தப் பக்கம். மல்லுக்கட்டாதீர்கள், குழாயைச் செருகி ஏறி நிற்காதீர்கள், கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுக்கவும் வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு வண்டி எட்டு நாள் அசையவே இல்லை. ஒன்பதாவது நாள் காலையில் கைக்கு ஏதோ மெத்தென்று பட்டது. புல்லியில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு ஒரு நூல் அளவு தள்ளியிருந்தது. அன்றைக்கு அவ்வளவுதான் என்று நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். இரண்டு நாளில் முழுச் சுற்று சுற்றியது. அந்த எஞ்சினின் ரிங்குகளை மாற்றவே தேவைப்படவில்லை.

ஒரு சுற்று முழுதாக வந்ததும் வால்வு கவரைத் திறந்து, கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு வால்வும் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். கிடந்த எஞ்சினில் வால்வு அதன் கைடிலேயே ஒட்டிக்கொள்வது சகஜம். தெரியாமல் வேகமாகச் சுற்றினால் புஷ் ராடு வளைந்துவிடும். வில்லிஸ் போல வால்வு பிளாக்கிலேயே இருக்கும் எஞ்சினில் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்கலாம்.

அடுத்து சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலை இறக்குங்கள். போல்ட்டை முழுதாக எடுக்காமல் மெல்லத் தளர்த்தினால் முதலில் என்ன வருகிறது என்று தெரியும். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். பெட்ரோல் வாசனை வந்தால் ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். முடிந்தால் சம்பையே இறக்கிவிடுங்கள். அடியில் களிபோல ஒரு படிமம் உட்கார்ந்திருக்கும், ஆயில் உறிஞ்சும் சல்லடையையும் அது மூடியிருக்கும். இன்றைய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் பொருள் உண்டு. சுத்தம் செய்யாமல் ஊற்றினால் அந்தக் களியைப் பெயர்த்து சல்லடையில் கொண்டுபோய் அடைத்துவிடும். ஆயில் தேர்ந்தெடுக்கும்போது துத்தநாகச் சேர்ப்பு உள்ளதா என்று பாருங்கள், பழைய கேம் ஷாஃப்ட்டுகளுக்கு அது வேண்டும்.

புது ஆயில் ஊற்றி, பிளக்குகள் இல்லாமலே சுற்றி, கேஜில் பிரஷர் ஏறும்வரை காத்திருங்கள். கைப்பிடி போட்டுச் சுற்றும் வண்டி என்றால் கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். எஞ்சின் உதைத்தால் கைப்பிடி விரலை விட்டு நழுவிப்போகும். மடக்கிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு முறியும்.

பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, கேஜ் வைத்துப் பாருங்கள். எல்லாப் பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்து. எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பது முக்கியம். பத்து பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கரண்ட், பெட்ரோல், தண்ணீர்

வண்டி எத்தனை வோல்ட், எந்த முனை எர்த் என்பதை உறுதிசெய்யாமல் பேட்டரியைத் தொடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் 6 வோல்ட். பழைய லேண்ட் ரோவர்களில் 1967 வாக்கில் மாறும்வரை பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் கருகும். எலி கடித்த வயர், உதிரும் துணி உறை இருந்தால் டேப் சுற்றாமல் அந்த வயரையே மாற்றுங்கள், ஃபியூஸ் இல்லாத சர்க்யூட்டுக்கு ஃபியூஸ் போடுங்கள். எர்த் ஸ்ட்ராப் மாட்டும் இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டினால் பாதிக் கோளாறு தானே போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டில் சாம்பல் பூத்திருக்கும். மெல்லிய அரத்தால் துடைத்து இடைவெளி வையுங்கள். வில்லிஸ் நான்கு சிலிண்டருக்கு 0.020 அங்குலம், பழைய லேண்ட் ரோவர் நான்கு சிலிண்டருக்கு 0.014 முதல் 0.016 அங்குலம். இரண்டுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-3-4-2.

முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்கைப் பயன்படுத்தவே வேண்டாம். சின்னக் கேனில் புதுப் பெட்ரோல் எடுத்து, புது ஹோஸும் ஃபில்டரும் போட்டு, சூடாகும் பாகத்திலிருந்து தள்ளி வைத்துக் கொடுங்கள். டேங்கைக் கழற்றிப் பொறுமையாக ஒருநாள் சுத்தம் செய்யலாம். காலி டேங்க்தானே என்று அதற்கு நெருப்போ வெல்டிங்கோ காட்டினால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும், தண்ணீரையும் இழுக்கும். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக வாங்குங்கள்.

ரேடியேட்டரைக் கழுவுவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர்த் திருகை மறந்துவிடுவார்கள். அதை எடுத்தாலும் தண்ணீர் வராது, ஏனென்றால் உள்ளே துருச்சேறு அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி, ஹோஸ் தண்ணீர் அடித்துத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். கடைசி சிலிண்டர் மட்டும் சூடாகி கேஸ்கெட் போகும் வண்டிகளில் அந்தச் சேறு முதலில் சந்தேகப்பட வேண்டிய ஒன்று.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்யலாம். பக்கத்தில் தீயணைப்பான், திறந்த இடம், உடன் ஒரு ஆள். பத்து விநாடிக்குள் ஆயில் பிரஷர் காட்டாவிட்டால் அணைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து ஏகப்பட்ட புகை வரும், பயப்பட வேண்டாம். நன்கு சூடேறிய பின்னும் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை நீராவி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். டீசல் வண்டியில் சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்கும் என்று நம்பாதீர்கள். பம்பின் ஸ்டாப் கேபிள் வேலை செய்கிறதா என்று முன்பே பாருங்கள். காற்று உள்ளே போகும் வாயை மூட ஒரு தடித்த பலகையைக் கையோடு வைத்திருங்கள்.

ஃபோர் வீல் பகுதி

சாதாரணக் காரை எழுப்பிப் பழகியவர்கள் தவறவிடுவது இங்கேதான். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று தனித்தனி ஆயில். முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள உருண்டையான நக்கிள்கள் இரண்டிலும் வண்டியைப் பொறுத்து ஆயிலோ கிரீஸோ இருக்கும். எதை இறக்கினாலும் முதலில் மேலே ஊற்றும் திருகைத் திறந்து பாருங்கள். அது துருவில் பிடித்துக்கொண்டு திறக்காமல், கீழ்த் திருகை மட்டும் எடுத்துவிட்டால் ஆயில் இல்லாத ஆக்ஸிலோடு மாட்டிக்கொள்வீர்கள்.

இறங்கிய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தத் திருகில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துண்டுகள் வந்தால் மூடியைத் திறந்து பற்களைப் பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை பின் டிஃபரன்ஷியலில் திருகை எடுத்ததும் அரை டம்ளர் அளவு தெளிந்த தண்ணீர்தான் முதலில் வந்தது. காரணம், ஆக்ஸிலின் மேல் காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் மண்ணால் அடைத்திருந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ஊசியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

ஆயில் வாங்கும்போது எஸ்ஏஇ 90 என்று மட்டும் கேட்டால் போதாது. ஜிஎல் 4, ஜிஎல் 5 என்ற தரத்தைக் கவனியுங்கள். ஜிஎல் 5-இல் இருக்கும் கந்தகச் சேர்ப்பு, பழைய கியர்பாக்ஸின் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். ஹைபாய்ட் டிஃபரன்ஷியலுக்கோ அதே ஜிஎல் 5 நல்லது. எதற்கு எது என்று மேனுவலைப் பார்த்து டப்பாவிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

நக்கிளின் பந்துபோன்ற மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும். பந்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி, குழி ஆழமாக இருந்தால் மாற்றுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங்கோ வீல் பேரிங்கோ. உடன் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரண்டு துண்டிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு முனையின் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளும் ஒத்துப்போகாமல் வண்டி அதிரும். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். எந்த நிப்பிளையும் விடாமல் எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கு உதவும்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் அளவு வேறுபட்டால் கியர்கள்தான் அடிவாங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2000-க்குப் பின் வந்த முறை இது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் டயர் அதற்கும் முந்தியது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஓட்டாதீர்கள்.

ஃபோர் வீலைச் சோதிப்பது எப்போதும் மண்ணிலோ புல்லிலோ. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திரும்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசம் வெளியேற வழியில்லாமல் ஷாஃப்ட்டுகளுக்குள் முறுக்காக ஏறும். லிவரும் வெளியே வராது. அப்படி மாட்டினால் இழுத்துச் சண்டை போடாமல் நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லிவர் தானே தளரும். லோ ரேஞ்சை (வேகம் குறைத்து இழுவை கூட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்) வண்டி நின்றபின் மட்டும் போடுங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இறங்கி ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர நட்டு, ஸ்பிரிங் யூ போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட் மூன்றையும் திரும்ப இறுக்குங்கள்.

பாடி

பாடியைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மேலே இருக்கும் பெயின்ட் மங்கியிருந்தாலும் பிடிமானமாக இருந்தால் சுரண்டாதீர்கள். அந்தச் சிராய்ப்பும் அடியில் எட்டிப்பார்க்கும் பழைய நிறமும் வண்டி எங்கெல்லாம் உழைத்தது என்பதற்குச் சாட்சி. மென்மையான சோப்பு, லேசான பாலிஷ், மெழுகு போதும். துரு வந்த இடத்தை மட்டும் கவனியுங்கள். உதிரும் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கொண்ட ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினால் மிச்சமிருக்கும் துரு கறுத்துக் கெட்டியாகும். நன்கு காய்ந்தபின் பிரைமர். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

சின்ன பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் துருப்பிடித்த பாகம், பாசிட்டிவில் ஒரு சாதாரண இரும்புத் துண்டு. சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொங்கவிடாதீர்கள், நச்சான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கூடாது.

அலுமினியப் பாடியும் எஃகும் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ரப்பரோ நைலான் வாஷரோ வையுங்கள். சேசிஸின் பெட்டிச் சட்டங்களுக்குள் இருக்கும் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, உள்ளே நன்கு காய்ந்த பிறகு மெழுகு வகைத் திரவத்தை நீண்ட குழாய் வைத்துத் தெளியுங்கள். அடைத்த துளையோடு மெழுகு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

எழுப்பிய பிறகு காப்பாற்றுவது

வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைப் பலரும் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். அது கெடுதல். எரியும்போது உண்டாகும் நீராவி, ஆயில் முழுதாகச் சூடாகாததால் வெளியேறாமல் சம்பிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். மாதம் ஒருமுறை போதும், ஆனால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதில் கொஞ்ச தூரம் மண்ணில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் முன் ஆக்ஸிலின் கியர்கள்மேல் ஆயில் ஏறும். முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் அதையும் பூட்டி ஓட்டுங்கள்.

பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறை. மேலே போர்த்துவது காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை அடக்கி வைக்கும்.

மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தால் கடைசி ஓட்டத்துக்குப் பின் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் பேரிங்கை அரிக்கும். கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். டயரில் கொஞ்சம் காற்று கூட்டி வையுங்கள், அல்லது ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்யுங்கள். கிளட்ச் பெடலை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை கொடுத்துவிட்டால் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாது. ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எலி நுழையாமல் சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் வாயிலும் கம்பி வலை சொருகுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள்: ‘சைலன்சரில் வலை. ஏர் கிளீனரில் வலை. கிளட்ச்சில் கட்டை. பேட்டரி இல்லை. கார்புரேட்டர் காலி.’ அடுத்த தடவை கதவைத் திறப்பது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.